கோயில் சுவரில் காதல் சிற்பங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரியில் இருக்கிறேன். லீவு நாட்களில் சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார், பிள்ளைகளின் நண்பர்கள் என்று பத்துப் பேர் சேர்ந்தால் வேன் பிடித்துக் கோயில்களுக்குப் போவோம். சிற்பங்களைப் பற்றித் தெரிந்ததைச் சொல்வது என் பொறுப்பு. யாளியைப் பற்றியும் தொங்கும் தூணைப் பற்றியும் எல்லாரும் சத்தமாகவே கேட்பார்கள். தூணின் அடியில் ஒருவரை ஒருவர் அணைத்து நிற்கிற ஜோடியைப் பற்றி மட்டும் அங்கே யாரும் வாய் திறப்பதில்லை. திரும்பி வரும்போது, வேனில் பேச்சு அடங்கிய நேரம் பார்த்து, ஒருவர் முன் சீட்டுக்கு வந்து உட்கார்ந்து, "அண்ணா, ஒன்று கேட்கலாமா?" என்று ஆரம்பிப்பார். அப்படி வந்த கேள்விகளும் நான் சொன்ன, சொல்ல நினைத்த பதில்களும் இவை.

கோயிலில் எதற்கு இந்த மாதிரி சிற்பம்?

ஒரே சொல்லில் கேட்டால், மங்கலம்.

நம் வீட்டுக் கல்யாணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வாசலில் வாழைமரம் கட்டுகிறோம். வெறும் மரம் கட்டமாட்டோம். குலை தள்ளி, பூ தொங்குகிற மரமாகத் தேடி வெட்டி வருவோம். மணமேடைப் பக்கத்தில் பாலிகையில் நவதானியம் முளைத்திருக்கும். நிறைகுடத்தில் மாவிலையும் தேங்காயும் இருக்கும். இந்த வீடு தழைக்க வேண்டும், வம்சம் பெருக வேண்டும் என்பதைத்தான் இவை எல்லாம் சொல்கின்றன. யாரும் அதைக் கூச்சமாக நினைப்பதில்லை.

கோயில் வாசலில் அதே சங்கதி கல்லில் இருக்கிறது. 6-ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதை, கோயிலின் நிலைக்காலில் எதையெல்லாம் செதுக்கி அழகு செய்யலாம் என்று சொல்கிறது. மங்கலப் பறவை, ஸ்ரீவிருட்சம், ஸ்வஸ்திகம், நிறைகுடம், இலைக்கொடி, பூதகணம், மிதுனம். மிதுனம் என்றால் இணை. ஆணும் பெண்ணுமாக நிற்கிற ஜோடி. குடத்துக்கும் கொடிக்கும் நடுவே ஜோடியையும் சேர்த்து, ஒரே மூச்சில் எழுதிவிட்டுப் போகிறார். தனியாக விளக்கம் சொல்ல வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற பாதிக் கேள்விகள் எளிதாகிவிடும்.

தருமபுரி, கிருஷ்ணகிரிக் கோயில்களில் இப்படிச் சிற்பங்கள் இருக்கின்றனவா?

மத்தியப் பிரதேசத்துக் கஜுராஹோ, ஒடிசாவின் கோனார்க் கோயில்களைப் போல சுவர் நிறைய, வெளிப்படையாக இங்கே கிடையாது. அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள். நம் பக்கம் இந்த மரபு அடக்கமானது. மண்டபத் தூண்களின் சதுரங்களில், கோபுர வாசலில், கோபுரத்துச் சுதையில், தேரின் மரப்பலகைகளில் என்று சின்னச் சின்ன இடங்களில் இருக்கும். தேரை வடம் பிடித்து இழுக்கிற அன்றைக்கு யாரும் பலகையைப் பார்ப்பதில்லை. தேர் நிலைக்கு வந்த பிறகு, கூட்டம் கலைந்ததும் பக்கத்தில் போய்ப் பாருங்கள்.

இந்த மண்ணைப் பல கைகள் மாறி மாறி ஆண்டிருக்கின்றன. தருமபுரியின் பழைய பெயரான தகடூர் அதியமான்களோடு சேர்ந்தது. 9, 10-ஆம் நூற்றாண்டுகளில் நுளம்பர்கள் இருந்தார்கள். அவர்களின் தலைநகரான ஹேமாவதி இன்றைக்கு ஆந்திராவில் இருக்கிறது. அப்புறம் சோழர்கள், போசளர்கள் (ஹொய்சளர்கள்), விஜயநகரத்தார். 13-ஆம் நூற்றாண்டில் போசள அரசன் வீர ராமநாதன் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குந்தாணியிலிருந்தே ஆண்டான். அதனால் கன்னட, தெலுங்கு, தமிழ்ச் சிற்ப மரபுகள் மூன்றும் இங்கே உரசிக்கொண்டே வளர்ந்தன.

இன்னொன்று இருக்கிறது. தினமும் பார்க்கிறோம், ஆனால் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அரசமரமும் வேம்பும் பின்னி வளர்ந்த மேடைக்குக் கீழே இருக்கிற நாகர் கற்களைச் சொல்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கல்லைப் பாருங்கள். இரண்டு நாகங்கள் வாலிலிருந்து மேல்நோக்கி ஒன்றை ஒன்று முறுக்கிக்கொண்டு போகும். முறுக்குகளின் நடுவே உள்ள வட்ட இடைவெளியில் சின்ன லிங்கம். உச்சியில் இரண்டு படமும் நேருக்கு நேர். மேலே மஞ்சளும் குங்குமமும் வருடக்கணக்கில் அப்பி, கல்லின் வரியே மழுங்கிப்போயிருக்கும். மரக்கிளையில் பிள்ளை வரம் கேட்டவர்கள் கட்டிய சேலைத்துணித் தொட்டில்கள் ஆடும். அது இணையும் பாம்புகளின் சிற்பம்தான். மிதுனம்தான். நம் பாட்டிமார்கள் அதைச் சுற்றி வந்து கும்பிட்டுத்தான் நம் அப்பா அம்மாவைப் பெற்றார்கள். கோயில் சுவரில் மனித உருவத்தில் அதையே பார்க்கும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம்.

கோபுர வாசலில் கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண் யார்?

விஜயநகர, நாயக்கர் காலத்துக் கோபுரங்களில் நுழையும்போது இரண்டு பக்கமும் பாருங்கள். மகரம் என்கிற, முதலை மாதிரியான கற்பனை விலங்கின் மேல் ஒரு பெண் ஒயிலாக நிற்பாள். அவள் கையிலிருந்து ஒரு கொடி கிளம்பி, வளையம் வளையமாகச் சுருண்டு, நிலைக்கால் முழுக்க மேலே ஏறிப் போகும். இவள் தெய்வம் இல்லை, பூஜையும் கிடையாது. ஆனால் உள்ளே போகிற ஒவ்வொருவரும் இவளைக் கடந்துதான் போக வேண்டும்.

இவளுடைய பூர்வீகம் ரொம்பப் பழையது. சாஞ்சி பௌத்தத் தூபியின் தோரண வாசலில் மாமரக் கிளையைப் பற்றித் தொங்குகிற யட்சி இவளுக்குப் பாட்டி முறை. அழகிய பெண்ணின் பாதம் பட்டால் அசோகமரம் பூக்கும் என்பது அந்தக் கால நம்பிக்கை, காவியங்களில் நிறைய வரும். பெண் தொட்டால் மரம் பூக்கிறது என்றால், அவள் நிற்கிற கல்லும் உயிர் பெறும் என்று சிற்பி நினைத்திருக்கிறான். எனக்கு இந்தச் சிற்ப மரபிலேயே பிடித்த உருவம் இவள்தான்.

ஏன் வெளிச்சுவரில் மட்டும்? உள்ளே ஏன் இல்லை?

"மட்டும்" என்பது முழு உண்மை இல்லை. கஜுராஹோவில் 11-ஆம் நூற்றாண்டில் கட்டிய கந்தாரிய மகாதேவர் கோயிலில் பிரிட்டிஷ் தொல்லியலாளர் கன்னிங்ஹாம் எண்ணிய உருவங்கள் 872. வெளியே 646, உள்ளே 226. தேவர்களும் அப்சரஸ்களும் உள்ளேயும் உண்டு. வெளிப்படையான சேர்க்கைச் சிற்பங்கள் மொத்தத்தில் ஒரு சிறு பங்குதான். அவற்றில் முக்கியமானவை வெளிப்பக்கத்தில் இருக்கின்றன. கருவறைக்குள் எதுவும் இல்லை. ஆக, கேள்வி சரியான கேள்விதான்.

எந்தச் சிற்பத்துக்கும் நான் முதலில் கேட்பது "இது எங்கே நிற்கிறது?" என்பதைத்தான். பாதி அர்த்தம் அந்த இடத்திலேயே இருக்கும்.

கோயில் ஓர் உடம்பு. நம் சிற்பிகள் இன்றைக்கும் அப்படித்தான் பெயர் சொல்கிறார்கள். விமானத்தில் பாதம் உண்டு, கழுத்து உண்டு, தலை உண்டு. "உள்ளம் பெருங்கோயில் ஊனுடம்பு ஆலயம்" என்று திருமூலர் இதையே திருப்பிப் போட்டுச் சொன்னார். உடம்புக்கு வெளிப்பக்கம் இருக்கிறது. அதில் கண் பார்க்கிறது, தோல் தொடுகிறது, பசிக்கிறது, ஆசைப்படுகிறது. அதனால் வெளிச்சுவரில் போர் இருக்கும், வேட்டை இருக்கும், ஆட்டம் பாட்டம் இருக்கும், பிள்ளைக்குப் பால் கொடுக்கிற தாய் இருப்பாள், கண்ணாடி பார்க்கிற பெண் இருப்பாள், காதல் ஜோடியும் இருக்கும். உலகம் எப்படியோ அப்படி.

சரி, உள்ளே வாருங்கள். தருமபுரிக் கோட்டைக் கோயிலில் மத்தியான வெயிலில் பிரகாரக் கல் காலைச் சுடும். மண்டபத்துக்குள் வந்ததும் கால் குளிரும். வெளிச்சம் தூணுக்குத் தூண் குறைந்துகொண்டே போகும். உருவங்களும் குறையும். அர்த்தமண்டபம் தாண்டினால் வழவழப்பான வெறும் சுவர். கடைசியில் ஒரு சின்ன இருட்டறை, ஒரு விளக்கு. அதற்கு நாம் வைத்திருக்கிற பெயர் கருவறை. கரு உண்டாகிற அறை. சுவரில் ஆயிரம் உருவமாகப் பரவியிருக்கிற உயிர், கிளம்புகிற இடம் இது என்று அந்தப் பெயரே சொல்கிறது. வெளியே பார்த்த ஜோடிக்கும் உள்ளே இருக்கிற இருட்டுக்கும் தொடர்பு இல்லாமல் போனால் அந்தப் பெயர் வந்திருக்காது.

கலை வரலாற்று அறிஞர் தேவாங்கனா தேசாய் கஜுராஹோவில் இன்னொன்றைக் கவனித்தார். சேர்க்கைச் சிற்பங்கள் மண்டபமும் கருவறையும் ஒட்டுகிற சுவரில், அதாவது சந்தியில், குவிந்திருக்கின்றன. இரண்டு கட்டடப் பகுதிகள் கூடுகிற இடத்தில் இரண்டு உடல்கள் கூடுகின்றன. வடமொழிக் கவிகளின் சிலேடையைச் சிற்பி கல்லில் செய்திருக்கிறான் என்பது அவர் விளக்கம். இதைப் படித்த பிறகு எனக்கு அந்தச் சுவர்கள் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தன.

ஆசையை வெளியே விட்டுவிட்டு உள்ளே வா என்பதுதானே அர்த்தம்?

அதிகமாகக் கேட்கிற விளக்கம் இதுதான். மனம் சலனப்படுகிறதா என்று சோதிக்க வைத்தார்கள், சலனம் இல்லாதவன்தான் உள்ளே போகலாம் என்பார்கள். இதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். வெளியிலிருந்து உள்ளே போகப் போக உருவங்கள் உதிர்வது உண்மை. ஆனால் "சோதனை" என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த முகங்களைப் பாருங்கள். எதிலும் பாவம் செய்கிற குற்றவுணர்ச்சி கிடையாது. பொறி வைப்பதற்கு இவ்வளவு அமைதியான முகங்களைச் செதுக்க மாட்டார்கள். அறம், பொருள், இன்பம், வீடு என்று நான்கையும் வரிசையாகத்தான் நம்மவர்கள் வைத்தார்கள். மூன்றாவதைத் திட்டிவிட்டு நான்காவதுக்குப் போகச் சொல்லவில்லை. வழியில் இருக்கிற ஊரைக் கடந்து போவதற்கும் அந்த ஊரை வெறுப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

இடி விழாமல் இருக்க, கண் திருஷ்டி படாமல் இருக்க வைத்தார்கள் என்கிறார்களே?

இடிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. திருஷ்டி விஷயத்தை அப்படித் தள்ளிவிட முடியாது. புது வீடு கட்டும்போது பூசணிக்காயில் கோர முகம் எழுதித் தொங்கவிடுகிறோம். அழகான ஒன்றின் மேல் படுகிற பார்வையை வேறு பக்கம் இழுக்க வேண்டும் என்ற எண்ணம் நம் ரத்தத்தில் ஊறியது. கோபுரச் சுதையில் இருக்கிற சில விகாரமான உருவங்களுக்கு இந்த விளக்கம் பொருந்தும். மக்கள் நம்பிக்கையாக இதை மதிக்கிறேன். ஆனால் காதல் ஜோடிகள் எல்லாவற்றுக்கும் இதைச் சொல்ல முடியாது.

கல்யாணமாகாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரத்தான் வைத்தார்களாமே?

இல்லை. பாடம் என்றால் கண்ணுக்கு எட்டுகிற உயரத்தில் வைப்பார்கள். கஜுராஹோவில் பல சிற்பங்கள் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தாலும் சரியாகத் தெரியாத உயரத்தில் இருக்கின்றன. படிப்பதற்கு அந்தக் காலத்தில் காம சாஸ்திர நூல்களே இருந்தன.

ஜீவாத்மாவும் பரமாத்மாவும் சேர்வதைக் காட்டுகிறது என்பது உண்மையா, பிறகு வந்தவர்கள் சப்பைக்கட்டு கட்டியதா?

இந்தக் கேள்வியை ஒரு கல்லூரி மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. எல்லாச் சிற்பத்துக்கும் இந்த அர்த்தத்தை ஒட்டவைப்பது தவறு. சில சிற்பங்கள் வெறும் அரண்மனைக் கேளிக்கை, சிலவற்றில் போலித் துறவிகளைக் கேலியும் செய்திருக்கிறார்கள். ஆனால் அந்த எண்ணம் பின்னால் ஒட்டவைத்தது என்று சொல்ல முடியாது. சிற்பங்களுக்கு ஆயிரம் வருடத்துக்கு முன்பே அது இருக்கிறது. பிருகதாரண்யக உபநிடதம், அன்பு மனைவியைத் தழுவியிருப்பவனுக்கு உள்ளும் தெரியாது, புறமும் தெரியாது, பரம்பொருளைத் தழுவிய உயிரும் அப்படித்தான் என்கிறது. பேரின்பத்தைச் சொல்ல வந்த ரிஷிக்கு உலகத்தில் கிடைத்த ஒரே உவமை அதுதான்.

தமிழில் இதைவிட நெருக்கமாகவே இருக்கிறது. திருவாரூர்த் தேவாரம் ஒன்றில் அப்பர் ஒரு பெண்ணைப் பற்றிப் பாடுகிறார். "முன்னம் அவனுடைய நாமம் கேட்டாள்" என்று ஆரம்பிக்கும். முதலில் பெயரைக் கேட்டாள், அப்புறம் அவன் எப்படி இருப்பான் என்று கேட்டாள், அப்புறம் அவன் ஊரைக் கேட்டாள், பிறகு அவன் மேல் பித்தானாள். அப்பா அம்மாவை அன்றைக்கே விட்டாள், ஊர் வழக்கத்தை விட்டாள், தன்னையே மறந்தாள், தன் பெயரையும் இழந்தாள், கடைசியில் தலைவன் தாளைச் சேர்ந்தாள். ஊரில் காதலித்து வீட்டை விட்டுப் போகிற எந்தப் பெண்ணின் கதையும் இந்த வரிசையில்தான் நடக்கும். பாடியவரோ உழவாரம் பிடித்துக் கோயில் புல் செதுக்கிய முதிய துறவி. நம்மாழ்வார் நாயகியாக உருகினார். ஆண்டாள் மானிடவர்க்கென்று பேச்சுப்பட்டால் வாழமாட்டேன் என்று சொன்னாள். மாணிக்கவாசகர் 400 பாட்டில் அகத்துறைக் கோவை பாடித் தில்லையில் வைத்தார். இவர்களுக்குத் தலை வணங்கிவிட்டு, சிற்பியிடம் மட்டும் முகம் சுளிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஒவ்வொரு ராத்திரியும் பெரிய சிவன் கோயில்களில் பள்ளியறை பூஜை நடக்கிறது. சுவாமியின் பாதம் பல்லக்கில் அம்மன் பள்ளியறைக்குப் போகும். பால் நைவேத்தியம், ஊஞ்சல், தாலாட்டு, அப்புறம் கதவு சாத்துவார்கள். நின்று பார்க்கிற தாத்தா பாட்டிகள் கண்ணை மூடிக் கும்பிடுவார்கள். அந்த மனநிலையோடு சிற்பத்தைப் பார்த்தால் போதும், எந்த விளக்கமும் வேண்டாம்.

இதெல்லாம் தாந்திரிகர்கள் செய்த வேலையா?

வடக்கே, கிழக்கே சில கோயில்களில் கௌலம், காபாலிகம் என்ற தாந்திரிக வழிகளின் தாக்கம் இருந்தது. ஆனால் மிதுனச் சிற்பம் அவர்களுக்கு முன்பே, பௌத்தக் குகைகளிலும்கூட இருக்கிறது. கார்லா குகை வாசலில் ஜோடிகள் நிற்கிறார்கள். ஆகவே "ரகசிய யோகம்" என்று ஒரேயடியாகச் சொல்வதை நான் நம்புவதில்லை.

இது வடக்கத்தி வழக்கம்தானே? தமிழ் மரபுக்கு இது ஒத்துவருமா?

இந்தக் கேள்வி தருமபுரியில் கேட்கப்படும்போது எனக்கு மனசு தாங்காது. தகடூர் அதியமானிடம் நெல்லிக்கனி வாங்கிய ஔவையை நாம் பாட்டி என்றே நினைத்துவிட்டோம். சங்க ஔவை எழுதிய குறுந்தொகைப் பாட்டு ஒன்றில், பிரிவில் வேகிற பெண் ராத்திரியில் என்ன கேட்கிறாள் தெரியுமா? முட்டுவேனா, தாக்குவேனா, ஏதாவது சாக்கு வைத்து ஆ ஓ என்று கூவுவேனா, என் நோய் தெரியாமல் இந்த ஊர் தூங்குகிறதே என்கிறாள். பெண்ணின் ஆசையை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன குரல் நம் ஊர் அரசவையில் இருந்த குரல்.

வள்ளுவர் 250 குறளை இன்பத்துக்கு ஒதுக்கினார். அவருடைய நூலின் கடைசிக் குறள், 1330-ஆவது, ஊடிய பிறகு கூடித் தழுவுகிற இன்பத்தைச் சொல்லி முடிகிறது. நூலை அவர் அங்கேதான் நிறுத்துகிறார். இதற்கு மேல் தமிழ் மரபு என்ன சொல்ல வேண்டும்?

சிவன் காமனை எரித்தார். அப்புறம் சிவன் கோயிலில் ரதி, மன்மதன் எதற்கு?

எரித்ததோடு கதை முடியவில்லை. ரதி அழுதாள், மன்மதன் உயிர் பெற்றான், ஆனால் அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி, உடம்பில்லாதவனாக. தருமபுரியிலிருந்து சேலம் ரோட்டில் ஓமலூர் போய், மேற்கே திரும்பினால் தாரமங்கலம். இந்தப் பக்கத்துக் குறுநிலத் தலைவர்களான கெட்டி முதலிகள் கட்டிய கைலாசநாதர் கோயில். அங்கே ரதியும் மன்மதனும் தனித்தனித் தூண்களில் நிற்கிறார்கள். ஓரிடத்தில் நின்று பார்த்தால் தெரிகிறவர், இன்னோர் இடத்திலிருந்து மறைந்துபோவார் என்று காட்டுவார்கள். கதையைத் தூணின் கோணத்திலேயே வைத்துவிட்டார்கள். பிள்ளைகள் இரண்டு தூணுக்கும் நடுவே ஓடி ஓடிப் பார்ப்பார்கள்.

அதே சேலம் மாவட்டத்தில் ஆறகளூரில் சிவனுடைய பெயரே காமநாதீஸ்வரர். காமன் வந்து வணங்கிய நாதர்.

நம் கோட்டைக் கோயில் அம்மனின் பெயரையும் யோசித்துப் பாருங்கள். மல்லிகார்ஜுனேசுவரருக்குப் பக்கத்தில் உயர்ந்த மேடையில், படியேறிப் போய்ப் பார்க்க வேண்டிய காமாட்சி. காம அட்சி, ஆசையைக் கண்ணில் உடையவள். காஞ்சிக் காமாட்சி கையில் கரும்பு வில்லும் மலர் அம்பும் இருக்கும். இரண்டும் மன்மதனுடைய ஆயுதங்கள். சிவன் எரித்ததை அம்மன் கையில் வாங்கி வைத்துக்கொண்டாள். காமம் அழியவில்லை, அருளின் கைக்குப் போய்விட்டது. அந்த ஐந்து மலர்களில் மாம்பூவும் ஒன்று. தை, மாசியில் கிருஷ்ணகிரி ரோட்டில் இரண்டு பக்கமும் தோப்புகள் பூத்து, காற்றிலே அந்த இனிப்பு வாசனை வரும்போது எனக்கு இந்த நினைப்பு வராமல் இருந்ததில்லை.

லிங்கமும் ஆவுடையாரும் கூட அதே குறியீடுதானா?

சிவமும் சக்தியும் பிரியாமல் இருப்பதன் அடையாளம் என்று எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்கள். அதை உடலுறுப்பாக மட்டும் பார்ப்பது வறட்டுப் பார்வை. சைவ சித்தாந்தம் லிங்கத்தை அருவுருவம் என்கிறது. உருவத்துக்கும் உருவமின்மைக்கும் நடுவில் நிற்கிற நிலை. சுவரில் கை, கால், முகம், நகை என்று இருந்த ஜோடி, உள்ளே போகப் போகச் சுருங்கி, கடைசியில் ஒரு நிமிர்ந்த கல்லும் அதைத் தாங்குகிற பீடமுமாக நிற்கிறது என்றே நான் பார்க்கிறேன். அர்த்தநாரியில் இரண்டும் ஒரே உடம்பாகிவிடுகிறது.

பெண் தெய்வச் சிலைகளுக்கு மேலாடை ஏன் இல்லை?

சில சிலைகளில் உண்டு, சிலவற்றில் இல்லை, அதற்கும் கணக்கு இருந்தது. பெருமாளின் இரண்டு பக்கமும் நிற்கிற தேவிமாரில் ஸ்ரீதேவிக்கு மார்க்கச்சை உண்டு, பூதேவிக்கு இல்லை. யார் யார் என்று அடையாளம் தெரிய அதுவும் ஒரு குறி. வெட்கத்துக்காகப் போட்டதும் இல்லை, வெட்கமில்லாமல் விட்டதும் இல்லை. தைத்த ரவிக்கை நம் பெண்களுக்கு எல்லாம் பொதுவானதே சமீப காலத்தில்தான். அதற்கு முன் வாழ்ந்த சிற்பி, தன்னைச் சுற்றியிருந்த பெண்களைப் போலத்தான் தாயையும் செய்தான்.

ஒரு வருத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் சின்ன வயதிலிருந்து பார்த்த ஒரு கோயில் கோபுரத்தில், கும்பாபிஷேகத்துக்குத் திருப்பணி செய்தபோது, சுதைப் பெண்கள் எல்லாருக்கும் பெயின்டில் ரவிக்கை எழுதிவிட்டார்கள். பச்சை, ரோஸ், நீலம். ஒரு மூலையில் அணைத்து நின்ற ஜோடியைச் சிமென்ட் வைத்துப் பூசி, நடுவில் ஒரு பூக்கூடையைத் திணித்திருந்தார்கள். கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை, பக்தியில்தான் செய்தார்கள். ஆனால் அந்தப் பெண்ணின் கை இன்னும் அவன் தோளை நோக்கி நீண்டிருக்கிறது, கூடைக்குப் பின்னால் போய் மறைகிறது. அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் நெஞ்சில் ஏதோ அடைக்கிறது.

இந்த வெட்கம் எப்போது வந்தது?

ஒரே நாளில் வரவில்லை. ஆனால் வெள்ளைக்காரர்கள் காலத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு. 1838-இல் கஜுராஹோவைப் பார்த்த பர்ட் என்ற பிரிட்டிஷ் இன்ஜினியர், வேலைப்பாட்டைப் புகழ்ந்துவிட்டு, சில சிற்பங்கள் தேவைக்கு மேல் சூடாக இருப்பதாக எழுதினார். அவர்களுடைய பள்ளிக்கூடங்களில் படித்த நம் பெரியவர்களும் அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்கள். அது நம் மூக்கின் மேல் இன்னும் இருக்கிறது. இன்னொரு பக்கம், "வெளிநாட்டுக்காரன் வியக்கிறான்" என்று அந்தச் சிற்பங்களை மட்டும் படமெடுத்துச் சாவிக்கொத்தாக விற்பவர்களும் அதே கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறார்கள்.

கர்நாடகத்துப் பேலூர்க் கோயிலில் இருக்கிற நுணுக்கம் நம் ஊரில் ஏன் இல்லை?

பதில் சமையலறையில் இருக்கிறது. வீட்டில் கல்சட்டி வைத்திருப்பீர்கள். அது மாக்கல், நகத்தால் கீறினாலே கோடு விழும். போசளர்கள் கர்நாடகத்தில் அந்த வகைக் கல்லில்தான் வேலை செய்தார்கள். வெட்டி எடுக்கும்போது மென்மையாக இருக்கும், காற்றுப்பட்டு நாளாக ஆக இறுகும். அதனால் மதனிகை என்கிற அழகிய பெண் சிற்பத்தின் விரல் மோதிரம், வளையல், கொண்டையில் பூ எல்லாம் தனித்தனியாகத் தெரியும். நம் கிருஷ்ணகிரி மலைகள் கருங்கல். இன்றைக்கு மெஷின் வைத்து அறுத்து ஏற்றுமதி செய்கிற கிரானைட். இதில் உளியால் ஒரு சிரிப்பைக் கொண்டுவந்தாலே பெரிய காரியம். நம் சிற்பி நகையைக் குறைத்து, இடுப்பின் ஒரு வளைவிலும் தலையின் ஒரு சாய்விலும் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. நுளம்பர்கள் இரண்டுக்கும் நடுவில். அவர்களின் பளபளப்பான தூண்களைச் சோழர்கள் கொண்டுபோய்த் திருவையாற்றுக் கோயிலில் நிறுத்தினார்கள் என்றால், அந்த வேலையின் அருமை எதிரிக்கும் தெரிந்திருக்கிறது.

குழந்தைகள் கேட்டால் என்ன சொல்வது?

முதலில் கண்ணைப் பொத்தாதீர்கள். பொத்தினால், அங்கே ஏதோ தப்பு இருக்கிறது என்று நாமே சொல்லிக்கொடுத்ததாக ஆகும். என் அக்கா மகன் ஆறு வயதில் தூண் ஒன்றைக் காட்டி, "மாமா, இவங்க ஏன் கட்டிப்பிடிச்சிருக்காங்க?" என்று கேட்டான். அக்கா அவனை இழுக்கப் பார்த்தாள். "ரெண்டு பேருக்கும் ரொம்பப் பிரியம். அதான் சாமி வீட்டு வாசலில் நிற்க வெச்சிருக்காங்க" என்றேன். "அப்ப அப்பா அம்மா மாதிரியா?" என்றான். ஆமாம் என்றேன். அடுத்த தூணில் இருந்த குரங்கைப் பார்க்க ஓடிவிட்டான். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் கேட்டால், வாழைமரமும் நாகர் கல்லும் சொல்லி ஆரம்பியுங்கள். அவர்கள் நாம் நினைப்பதைவிட வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள்.

முதல் முறையாக இந்தக் கண்ணோடு பார்க்கப் போகிறேன். எங்கே ஆரம்பிக்கலாம்?

உங்கள் தெருமுனை அரசமரத்தடியில். அப்புறம் கோட்டைக் கோயில். காமாட்சி சந்நிதி மேடையைச் சுற்றி அடிவரிசையில் சின்னச் சின்ன ராமாயணக் காட்சிகள் இருக்கின்றன, குனிந்து பார்க்க வேண்டும். தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பாருங்கள். மூன்றடுக்காகச் செதுக்கும் நடுகல் மரபில் கீழே சண்டை நடக்கும், நடு அடுக்கில் செத்த வீரனை இரண்டு பக்கமும் அப்சரஸ்கள் தாங்கி மேலே கொண்டுபோவார்கள், உச்சியில் அவன் லிங்கத்துக்கு முன்னால் இருப்பான். சாவுக்கும் சாமிக்கும் நடுவில் பெண்ணின் கை இருக்கிறது. ஒரு நாள் தாரமங்கலம். ஒரு நாள் ஒசூரிலிருந்து விடிகாலையில் கிளம்பினால் மதியத்துக்குள் பேலூர். 2023-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோயில்களில் ஒன்று.

காலை எட்டு மணிக்கு முன்னால் அல்லது சாயங்காலம் நாலரைக்கு மேல் போங்கள். வெயில் பக்கவாட்டில் விழுந்தால்தான் ஆழமில்லாத புடைப்புச் சிற்பம் எழுந்து வரும். கையில் சின்ன டார்ச் இருக்கட்டும், அதைச் சிற்பத்துக்கு நேராகப் பிடிக்காமல் ஓரத்திலிருந்து சாய்த்துப் பிடியுங்கள். எண்ணெய், வெண்ணெய், விபூதி எதையும் அப்ப வேண்டாம். ஒவ்வொரு தூணிலும் கீழ்ச்சதுரத்தைத் தவறவிடாதீர்கள். அங்கேதான் அந்த ஜோடி நிற்கும்.